இரண்டாம் நம்பர் மெஷின்

எங்கள் கட்டிடத்துக்குப் பதினெட்டு மாடி. அதைக் குளிர வைக்கக் கீழ்த்தளத்தில் இரண்டு மெஷின்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். முதல் நம்பர் ஓடுகிறது. இரண்டாம் நம்பர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. உயிரோடு இருப்பது துரு ஏறி, எண்ணெய் வடிந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். செத்தது நீல நிறத்தில் பளபளவென்று நிற்கும். அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் யாராவது வந்து பொறுமையாகச் சொல் என்றால் எழுந்து போய்விடுவேன்.

நான் அந்தக் கட்டிடத்தின் பராமரிப்பு இன்ஜினியர். லிஃப்ட், ஏசி, மோட்டார், ஜெனரேட்டர், கக்கூஸ் குழாய் எல்லாம் என் தலையில். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருப்பதால் என்னைப் பாய்லர் என்பார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பாய்லர். எனக்கு அதில் வருத்தம் இல்லை. பதினாலு வருஷமாக வேலை வாங்கியது என் படிப்பு இல்லை, என் தொண்டைதான்.

இரண்டாம் நம்பர் செத்த கதை சின்னது. அதன் கம்ப்ரெஸர் போனது, புதிது கேட்டு எழுதினேன், வரவில்லை. அடுத்த மாதம் முதல் நம்பரில் ஒரு வால்வு போனது, எழுதினேன், அதுவும் வரவில்லை. கடும் வெயில் காலம், மேலே இரண்டாயிரம் பேர். இரண்டாம் நம்பரின் வால்வைக் கழற்றி முதல் நம்பருக்குப் போட்டேன். அப்புறம் சென்சார், அப்புறம் எண்ணெய் பம்ப், அப்புறம் கன்ட்ரோல் போர்டு. என்னோடு வேலை பார்க்கும் மெக்கானிக்கைக் 'காது' என்று கூப்பிடுவோம். ஸ்க்ரூ டிரைவரின் முனையை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதோடு வைத்து, உள்ளே எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். அவரும் நானுமாகச் சேர்ந்து இரண்டாம் நம்பரை வெறும் கூடாக்கிவிட்டோம். மேலே ஒருத்தருக்கும் வியர்க்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதினெட்டு மாடியையும் வியர்க்க விட்டிருந்தால் புது மெஷின் தானாக வந்திருக்கும். எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி நாங்களே எங்கள் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டோம்.

எழுதிக் கேட்ட காகிதமெல்லாம் பதினேழாம் மாடிக்குப் போகும். அங்கே நிதி மேலாளர் ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "அப்புறம் பார்க்கலாம்" என்பார். அதனால் கட்டிடம் முழுக்க அவருக்கு அப்புறம் சார் என்று பெயர். நல்ல வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். நான் கத்தினால் தண்ணீர் குடிக்கச் சொல்லி டம்ளரை நகர்த்துவார். அந்த டம்ளரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கட்டிடத்துக்கு முதலாளி என்று ஒரு ஆள் கிடையாது. அது ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். ஆயிரக்கணக்கான பேர் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு போட்டு, அந்தக் காசில் பெரிய பெரிய கட்டிடங்களை வாங்கி, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. ஒவ்வொரு பங்குக்கும் யூனிட் என்று பெயர். யூனிட் வைத்திருப்பவர்கள் கட்டிடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் சார்பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகக் கம்பெனி உண்டு. அப்புறம் சார் அந்தக் கம்பெனி ஆள். சம்பளச் சீட்டைப் பார்த்தால் நானும் அந்தக் கம்பெனி ஆள்தான்.

ஒருமுறை அவர் மேஜையைத் தட்டி நேராகவே கேட்டேன், மாதா மாதம் பதினெட்டு மாடி வாடகை வருகிறதே, ஒரு மெஷின் வாங்கக் காசு இல்லையா என்று. டம்ளரை நகர்த்தினார். பிறகு சொன்னார்:

"மேடம், இது டிரஸ்ட், சாதாரணக் கம்பெனி இல்ல. செலவும் வட்டியும் போக மிஞ்சறதுல பத்துல ஒன்பது பங்கை யூனிட்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தே ஆகணும். அப்படிக் குடுத்தாதான் வரி கிடையாது. மிச்சம் இருக்கற ஒரு பங்குல நான் உங்க மெஷினைப் பார்ப்பேனா, ஓட்டைக் கூரையைப் பார்ப்பேனா?"

கையில் ஒன்றுமே தங்காது என்றால் ஐந்து வருஷத்தில் இரண்டு கட்டிடம் வாங்கினீர்களே, அது எப்படி என்றேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். சேர்த்து வைத்த காசில் யாரும் வளர்வதில்லையாம். இருக்கிற கட்டிடத்தின் மதிப்பைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவது ஒரு வழி. மதிப்பில் பாதிக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று வரம்பு உண்டு, அது முட்டிக்கொண்டால் புது யூனிட்களை வெளியிட்டு ஜனங்களிடம் காசு திரட்டுவது இன்னொரு வழி. இரண்டும் ஆகாவிட்டால் ஒரு பழைய கட்டிடத்தை விற்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை மதிப்பு. மதிப்பு ஏறினால் அதே கட்டிடத்தின் மேல் இன்னும் கொஞ்சம் கடன் கிடைக்கும்.

எனக்குப் புரிந்தது இதுதான். நிர்வாகக் கம்பெனிக்குக் கூலி, மொத்தக் கட்டிடங்களின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. கட்டிடங்கள் பெருகப் பெருக அவர்கள் கூலி பெருகும். என் வால்வை மாற்றினால் ஒருத்தர் கூலியும் ஏறாது. அதனால் அடுத்த கட்டிடம் வாங்க இன்று காசு உண்டு, இருக்கிற கட்டிடத்தைக் காப்பாற்ற அப்புறம்தான் காசு. இதை அவரிடமே சொன்னேன். நீங்கள் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்றார்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் தெருவில் நின்று கத்தவில்லை என்று கேட்கலாம். என் அக்காவால்.

அத்தான் இறந்தபோது தொழிற்சாலையில் கொடுத்த தொகை அக்கா கைக்கு வந்தது. அவளுக்கு ஒரே மகள், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். காசை எங்கே போடட்டும் என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். நான் வேலை பார்க்கிற டிரஸ்டில் போடு, மாடியெல்லாம் நிறைந்திருக்கிறது, கட்டிடத்தைத் தினமும் நான் கண்ணால் பார்க்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அவளும் போட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணத்தில் வீட்டு வாடகையும் மகளின் நர்ஸிங் படிப்பும் ஓடியது. அக்கா ஒரு மருந்துக் கடையில் பகலில் கல்லாவில் நின்றாள். முட்டி தேய்ந்து போனவள், நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது.

இப்போது பாருங்கள் என் நிலைமையை. பத்தில் ஒன்பது பங்கு போகிறது என்றால் என் அக்காவுக்கும்தானே போகிறது. மெஷினுக்கு நான் சண்டை போட்டு ஜெயித்தால் அக்காவின் பணம் குறையும். சண்டை போடாவிட்டால் மெஷின் ஒரு நாள் நின்று, ஆறு மாடியை வாடகைக்கு எடுத்திருக்கும் வங்கி காலி செய்து போய், அப்போதும் அக்காவின் பணம்தான் குறையும். பதினேழாம் மாடிக்குப் போய்க் கத்துவேன், திரும்பி வந்து இரண்டாம் நம்பரில் இன்னொரு பாகத்தைக் கழற்றுவேன். அப்படியே ஓட்டினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டிடம் வாங்க முடிவெடுத்தார்கள். கடனுக்கும் புது யூனிட்டுக்கும் எங்கள் கட்டிடத்தின் மதிப்பை எடுக்க வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவதாக இருந்தது. அப்புறம் சார் போனில், மெஷின் அறை பார்க்க நன்றாக இருக்க வேண்டும், இரண்டாம் நம்பருக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்றார். வால்வுக்கு ஒரு வருஷம் இழுத்தடித்த மனுஷன், பெயிண்டுக்கு ஒரு மணி நேரத்தில் ஆள் அனுப்பினார். அடித்தேன். மதிப்பீட்டாளர் வரும் நாளன்று விடியும் முன்பே முதல் நம்பரைப் போட்டு, கட்டிடம் முழுவதையும் முன்கூட்டியே குளிர வைத்தேன். எங்கள் தொழிலில் அது எல்லாரும் செய்கிற வேலை. பத்து மணிக்கு அவர் வந்தபோது கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சில்லென்று இருந்தது. அன்று இன்னொன்றும் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் படம் எடுத்துக்கொண்டார். இயந்திரங்கள் நல்ல நிலையில் உள்ளன, ஐந்து வருஷத்துக்குப் பெரிய செலவு இராது என்று ஒரு காகிதம் வந்தது. கட்டிடத்தின் இன்ஜினியர் என்ற இடத்தில் என் கையெழுத்து. போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்று இன்று எழுதுகிறேனே, சோறு பரிமாறிய கை என்னுடையது.

சில மாதங்களுக்கு முன் அப்புறம் சார் மெஷின் அறைக்கு இறங்கி வந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தரையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். கையில் ஒரு உறை. மறுபடியும் புது யூனிட் வெளியிடப் போகிறார்கள், அதே காகிதம், அதே வரி, தேதி மட்டும் வேறு. வாங்கப் போகும் கட்டிடம் எது என்று கேட்டேன். தயங்கிவிட்டுச் சொன்னார். நிர்வாகக் கம்பெனியின் தாய்க் கம்பெனி கட்டிய கட்டிடம். எனக்கு அது தெரியும். கட்டி முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது, பாதி மாடி காலி.

விற்பது தாய், வாங்கித் தருவது பிள்ளை, காசு மட்டும் என் அக்காவுடையது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். நான் கத்திய கத்தில் காது ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

முதல் நம்பரின் பேரிங்கும் தேய்ந்துவிட்டது, இன்னொரு வெயில் காலம் தாங்காது என்று அப்புறம் சாரிடம் சொன்னேன். அதற்குத்தான் மேடம் புதுக் காசு திரட்டுகிறோம், அதில் அப்புறம் உங்களுக்கும் ஏதாவது ஒதுக்கலாம் என்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் குரல் இன்னும் மெதுவானது.

"உங்க அக்கா யூனிட் வச்சிருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க ஏதாவது எழுதி வச்சு, விலை விழுந்து, வர்ற பணமும் பாதியாச்சுன்னா அவங்க கதி என்ன? யோசிச்சுப் பாருங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் ஓநாய் சொன்னது பொய் இல்லை. காகிதத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, ஜன்னலை ஒட்டி மகளின் மேஜை, அதன் மேல் எலும்புக்கூடு வரைந்த நோட்டுகள். மகள் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போயிருந்தாள். அக்கா டீ போட்டுக்கொண்டே நல்ல வேளை வந்தாய் என்றாள். டிரஸ்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். இருக்கிற ஐந்து யூனிட்டுக்கு ஒரு புது யூனிட், சந்தை விலையைவிடக் குறைந்த விலையில். வாங்காவிட்டால் நம் பங்கு மெலிந்து போகும் என்று போட்டிருக்கிறார்களாம். அதனால் மருந்துக் கடை முதலாளியிடம் ஆறு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டிருக்கிறாள். அவரும் சரி என்றுவிட்டார். இருபதாம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யார் சொல்லி முன்பணம் கேட்டாய், உனக்கு அறிவு இருக்கிறதா, கடிதத்தில் போட்டிருப்பதையெல்லாம் நம்புவாயா என்று கத்தினேன். எய்தவன் இருக்க அம்பை நோவதா என்பார்கள். நான் அம்பைக்கூட நோகவில்லை, அடிபட்ட ஆளையே திட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு இது பழக்கம். நான் ஓயும்வரை டீயை ஆற்றினாள். பிறகு அலமாரியைத் திறந்து, வாடகை ரசீதுகள் வைக்கும் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் புது யூனிட்டுக்காக டிரஸ்ட் அனுப்பிய வழவழப்பான புத்தகம். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். பதினோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். முழுப் பக்கத்துக்கு ஒரு படம். நீல நிறத்தில் இரண்டாம் நம்பர் மெஷின். கீழே, ஐந்து வருஷத்துக்குப் பெரிய செலவு இராது என்று கட்டிடத்தின் இன்ஜினியர் உறுதி செய்துள்ளார் என்ற வரி. அந்த வரியின் அடியில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"கடிதத்தை யாரு நம்பினா? இதைத்தான் நம்பினேன். இது உன் மெஷின்தானே? இதைப் பாத்துத்தான் அன்னிக்கு ஃபிக்ஸட்ல கெடந்ததையும் எடுத்துப் போட்டேன். கடைக்கு வர்றவங்ககிட்டக்கூடக் காட்டியிருக்கேன், என் தங்கச்சி பாத்துக்கற மெஷின்னு."

வைப்பில் கிடந்த காசை அந்தச் சமயம் எடுத்துப் போட்டாள் என்பது எனக்குத் தெரியும். போட்ட பிறகுதான் சொன்னாள். எதைப் பார்த்துப் போட்டாள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த மெஷின் செத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பதினாலு வருஷமாக வாயால் பிழைத்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. முன்பணத்தை இப்போது வாங்காதே, ஒரு வாரம் பொறு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். டீ அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் காதும் நானும் இரண்டாம் நம்பரின் நீலத் தகடுகளைக் கழற்றினோம். உள்ளே கம்ப்ரெஸர் இல்லாத குழி, அறுத்த குழாய், தொங்கும் ஒயர்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். முதல் நம்பரின் பேரிங் பற்றிக் காது சொல்லச் சொல்ல எழுதினேன். அப்புறம் சாரின் காகிதத்தில் அச்சடித்திருந்த வரியை அடித்துவிட்டு, இரண்டு மெஷின்களையும் நாலு லிஃப்டில் இரண்டையும் ஒரு வருஷத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யூனிட்காரர்கள் சார்பில் இந்த நிர்வாகக் கம்பெனியைக் கண்காணிக்க வேறொரு கம்பெனி உண்டு, எல்லா டிரஸ்டுக்கும் அப்படி ஒன்று இருக்க வேண்டும். அங்கே ஒரு பிரதி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பதினேழாம் மாடிக்குப் போனேன்.

அப்புறம் சார் படித்தார். டம்ளரை நகர்த்தவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட கையெழுத்து? அது பொய்னு ஆயிடும். முதல்ல போறது நீங்கதான்."

"தெரியும். உங்ககிட்ட எத்தனை தடவை எழுதிக் கேட்டேன்னு ஒரு ஃபைல் இருக்கு. அதோட பிரதியும் போயிருக்கு."

"இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம் நீங்க. அப்புறம் பேசித் தீர்த்திருக்கலாம்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்குமேல் கேட்க முடியவில்லை. கண்ணாடி டம்ளரை எடுத்து அவர் மேஜைக்கடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். உடையக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புது யூனிட் வெளியீட்டை நிறுத்தினார்கள். தாய்க் கம்பெனியின் காலிக் கட்டிடம் அவர்களிடமே நின்றது. எங்கள் கட்டிடத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். மதிப்பு இறங்கியதும் கடன் வரம்பைத் தாண்டிவிட்டது, கடன் கொடுத்த வங்கி கழுத்தில் துண்டைப் போட்டது. கையில் காசு இல்லை, புது யூனிட் வாங்க ஆள் இல்லை. கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாங்கினார்களே, அந்தக் கட்டிடத்தை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுத்தான் கடனில் ஒரு பகுதியை அடைத்தார்கள், புது மெஷின்களுக்கும் பணம் கட்டினார்கள். யூனிட் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. வாடகை தரும் கட்டிடம் ஒன்று குறைந்துவிட்டதால் இரண்டு வருஷத்துக்குப் பிரித்துத் தரும் பணம் பாதிதான் என்று கடிதம் போனது. விசாரணை முடியும்வரை நான் வேலைக்கு வரக் கூடாது என்று உத்தரவு. அப்புறம் சாருக்கும் விசாரணை உண்டு என்றார்கள். அவர் தாய்க் கம்பெனிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், சம்பளம் கூடுதலாம்.

அக்கா இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. அவள் மகள்தான் சொன்னாள், "அம்மா இப்ப சாயங்காலமும் கடையில நிக்கறாங்க சித்தி." கடைசி வருஷக் கட்டணத்துக்காக. எட்டு மணி நேரம், அந்த முட்டியோடு.

சாவிகளை ஒப்படைக்க நான் போன அன்று மத்தியானம், வரவேற்பில் இருந்தவர் என்னைத் தேடி யாரோ வந்திருப்பதாகச் சொன்னார். அக்கா நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கடைச் சீருடை. தான் சொந்தம் கொண்டாடிய கட்டிடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தலையைத் தூக்கி வரவேற்பறையின் கூரையைப் பார்த்தாள். மெஷினைக் காட்டு என்றாள். லிஃப்டில் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாம் நம்பரின் தகடுகள் இன்னும் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. அக்கா உள்ளே இருந்த குழியைப் பார்த்தாள். தகட்டைத் தடவினாள், விரலில் ஏதாவது ஒட்டுகிறதா என்று பார்த்தாள். பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் பிரித்து, படத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"படம் எடுத்தப்பவே இது இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

பெயிண்ட் அடிக்கச் சொன்னதும், வால்வு தராமல் இழுத்ததும், தாய்க் கம்பெனியின் தில்லுமுல்லும் எல்லாம் சொன்னேன். என் குரல் தானாக ஏறியது. அந்த மெஷின் அறையில் எனக்கே காது அடைத்தது. அக்கா கடைசிவரை கேட்டாள். கல்லாவில் நிற்கிறவள், நான் பேசிய பேச்சில் எது விட்டுப்போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, பெயிண்ட் அடிச்சீங்க. மதிப்புப் போட வந்த ஆளு கண்ணு தெரியாதவரா? நின்னுபோன மெஷினை ஓடுதுன்னு எப்படி நம்பினாரு?"

அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இரண்டாம் நம்பருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் தனியாக இருக்கிறது. அது சாகவில்லை. மதிப்பீட்டாளர் படியிறங்கும் சத்தம் கேட்டதும் அதைப் போட்டுவிட்டேன். பம்ப் ஓடினால் குழாய் அதிரும், பிரஷர் மீட்டரின் முள் நகரும். மெஷினைத் தொட்டுப் பார்ப்பவனுக்கு அது ஓடுவதுபோலத்தான் இருக்கும். அவர் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார், படம் எடுத்தார். அதைச் செய்யும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் அறையைப் பார்த்து வெளி ஆள் ஒருத்தன் குறை சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பு. அக்காவின் பணம் குறைந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இருந்திருக்கலாம்.

"பம்பை நானாத்தான்க்கா போட்டேன்" என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடினாள். பிளாஸ்டிக் உறையைச் சரி செய்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், எல்லார் மேலயும் கோவப்படுவ" என்றாள். "அன்னிக்கு ஒரு நாள் பட்டிருக்கக் கூடாதா?"

புத்தகத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். நான் சாவிக் கொத்தோடு பின்னாலேயே ஓடி லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது. அக்கா உள்ளே வரவில்லை.

"முட்டி வலிக்கும்க்கா. லிஃப்ட்லயே போலாம்."

"இதையும் நீதான பாத்துக்கற?" என்று கேட்டாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள்.